பறங்கியர் கொடியும் மலப்புரத்துப் பந்தும்

கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே சென்று, பெரிந்தல்மண்ணையை நெருங்கும்போது பேருந்தின் சன்னலோரம் சற்றுக் கவனித்துப் பாருங்கள். பள்ளிவாசல் மினாராக்களுக்கு அடுத்தபடியாக உங்கள் கண்களில் அதிகம் தென்படுவன கோல் கம்பங்களாகவே இருக்கும். அறுவடை முடிந்த வயலானாலும் ஆற்று மணல் திட்டானாலும் இரண்டு மூங்கில்களை நட்டுவிட்டால் அது மைதானமாகிவிடுகிறது. மத்ரஸாவில் அணிந்திருந்த தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு சிறுவர்கள் பந்தின் பின்னால் ஓடும் காட்சி, மலப்புரம் மாவட்டத்துக்கே உரிய மாலை நேரத்து அழகு.

மழைக்காலம் ஓய்ந்து மண் இறுகியதும் அங்கே 'செவன்ஸ்' பருவம் தொடங்கும். அணிக்கு எழுவர், மைதானமும் சிறியது, ஆகவே பந்துக்கு ஓய்வே கிடையாது. பெரும்பாலும் இஷாத் தொழுகைக்குப் பின்னர் மின்விளக்கு வெளிச்சத்தில் ஆட்டங்கள் நடைபெறும். நைஜீரியா, கானா போன்ற நாடுகளிலிருந்தெல்லாம் ஆட்டக்காரர்கள் வருகின்றனர். எந்த நாட்டவராயினும் ஊரார் வாயில் அவர் 'சுடானி'தான். இந்தப் பெயரைத் தலைப்பில் தாங்கி, 2018இல் ஒரு மலையாளத் திரைப்படமும் வெளிவந்தது.

ஆட்டம் முடிந்தால் பசி எடுக்குமல்லவா? அரிசிமாவை வெந்நீரில் பிசைந்து, காகிதம்போல் மெல்லியதாகத் தேய்த்து, எண்ணெய் படாமல் சுட்டு, தேங்காய்ப்பாலில் நனைத்துத் தரும் பத்திரிக்கும் இறைச்சிக் குழம்புக்கும் ஈடில்லை என்பது என் கருத்து. ஆனால் இன்று நெடுஞ்சாலை நெடுகிலும் விளம்பரப் பலகைகள் அழைப்பதோ 'குழிமந்தி'க்கு! யமன் நாட்டு உணவு அது. வளைகுடா சென்ற பிள்ளைகள் சம்பாத்தியத்தோடு அரபுநாட்டு ருசியையும் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டனர். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரே தட்டில் கூடியமர்ந்து உண்பது, சஹன் சாப்பாட்டுக்குப் பழகிய நமக்குப் புதுமையுமன்று. பத்திரி சுட்டே முதுகு வளைந்த தாய்மார்களைக் கேட்டால், மந்திக்கு துஆச் செய்யவும் கூடும்!

இனி, நான் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன்.

2022இல் கத்தாரில் உலகக் கோப்பை நடைபெற்றபோது, அண்டை மாவட்டமான கோழிக்கோட்டின் புள்ளாவூரில், ஆற்றின் நடுவே மெஸ்ஸிக்கு 30 அடி உயர உருவப் பலகை நிறுத்தினர். பொறுக்குமா எதிரணிக்கு? நெய்மாருக்கு 40 அடியில் எழுந்தது. ரொனால்டோவுக்கு அதனினும் உயரமாக எழுந்தது. அந்த நவம்பரில், சமஸ்தாவைச் சார்ந்த கத்தீபுமார்களின் குழு ஓர் அறிவுரை வெளியிட்டது. விளையாட்டு உடலுக்கு நல்லதே. ஆயினும் வீண்விரயமும், தொழுகையையும் படிப்பையும் மறக்கடிக்கும் வெறியும் கூடாது என்றது. ஆரம்பகால ஆக்கிரமிப்பாளர்களான போர்த்துக்கீசியரின் கொடியைத் தூக்கிக்கொண்டு திரிவது சரியன்று என்றும் கூறிற்று. செய்தித்தாள்களில் விவாதம் சூடுபிடித்தது. 'ஆலிம்கள் பந்துக்கே பகைவர்கள்' என்று சிலர் எழுதினர். அறிவுரையை முழுமையாகப் படித்தவர் அவ்வாறு எழுதியிருக்கமாட்டார்.

வீண்விரயம் பற்றிய கண்டிப்பில் எனக்கு இம்மியும் கருத்து வேறுபாடில்லை. நள்ளிரவு 12.30க்குத் தொடங்கிய ஆட்டத்தைப் பார்த்து முடித்தவன், ஃபஜ்ருக்கு எந்த முகத்தோடு எழுவான்? ஆனால் கொடி விஷயத்தில் என் எண்ணம் சற்று மாறுபடுகிறது.

அதே மலப்புரம் மாவட்டத்தின் கடற்கரையில் பொன்னானி இருக்கிறது. 1507இல் போர்த்துக்கீசியர் தாக்கிய துறைமுகம் அது. அங்குள்ள பெரிய ஜும்ஆப் பள்ளிவாசலில், தொங்கும் எண்ணெய் விளக்கைச் சுற்றி அமர்ந்து ஓதி முடிப்பதையே மார்க்கக் கல்வியின் பட்டமாக முன்னோர் கருதினர். அந்தக் கல்விக்கூடத்தை வளர்த்த மக்தூம் குடும்பத்தார் நமது மஅபர் கரையிலிருந்து சென்றவர்கள் என்பது நமக்குப் பெருமை. அக்குடும்பத்தில் வந்த இரண்டாம் ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள், 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பறங்கியர் மலபாரில் இழைத்த கொடுமைகளைத் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்னும் அரபு நூலில் பதிந்துவைத்தார்கள்.

ரொனால்டோவின் சட்டையை அணிந்த சிறுவனிடம் கொடியைக் கீழே போடு என்றால் போட்டுவிடுவான். ஏன் போடவேண்டும் என்று கேட்டால், அந்த நூலை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மலப்புரத்தார் பந்தாட்டம் பழகியதே அங்கு முகாமிட்டிருந்த ஆங்கிலேயச் சிப்பாய்களைப் பார்த்துத்தான்! 1921இல் மாப்பிள்ளைமார்களின் கிளர்ச்சியை இரத்தத்தில் முக்கிய ஆட்சியின் சிப்பாய்கள்! இறைச்சிக் குழம்பின் மிளகாயும் பறங்கியர் கப்பலில் வந்ததே. கொடியை விலக்கலாம், பந்தையும் மிளகாயையும் எப்படி விலக்குவது? பகைவன் கொண்டுவந்ததைத் தமதாக்கிக்கொண்ட மக்கள் அவர்கள். அந்தச் சாமர்த்தியத்தைப் பிள்ளைகளுக்கு வரலாறாகச் சொன்னால், கொடியைப் பற்றி அவர்களே முடிவெடுத்துக்கொள்வார்கள்.

தொழுகையா பந்தா என்ற கேள்விக்கும் அம்மண் வெவ்வேறு விடைகளைக் காட்டியிருக்கிறது. 2022இல் சந்தோஷ் கோப்பைப் போட்டிகள் ரமளானில் அங்கே நடந்தன. இரவு ஆட்டங்கள் 8 மணிக்கு. தராவீஹ் நேரமும் அதுவே. போட்டி அட்டவணை வகுத்தவர்கள் இதைச் சிந்தித்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். இறுதியாட்டமோ, மே 2, பெருநாள் இரவு! மஞ்சேரி பய்யநாடு அரங்கில் கேரளமும் மேற்கு வங்காளமும் 1-1 எனச் சமநிலையில் நிற்க, பெனால்டி உதைகளில் 5-4 என்று கேரளம் வென்றது. மறுநாள் காலை பெருநாள் தொழுகை.

பிள்ளைகளோடு செல்பவர்கள், குற்றிப்புரம் ரயில் நிலையத்தில் இறங்கி முதலில் பொன்னானிக்குச் செல்லுங்கள். அந்த விளக்கினடியில் அவர்களைச் சற்று நேரம் உட்காரவையுங்கள். செவன்ஸ் ஆட்டம் இஷாவுக்குப் பிறகுதானே, நேரம் இருக்கிறது.