அண்ணன் கொண்டு வந்த கறுப்புக் கல்

எல்லோர் வீட்டு ஷோகேஸிலும் கொலு பொம்மை, குழந்தை ஓட்டப் பந்தயத்தில் வாங்கின கப், கல்யாண போட்டோ என்று ஏதாவது இருக்கும். எங்கள் வீட்டு ஷோகேஸில் நடுத்தட்டில் ஒரு கறுப்புக் கல் இருக்கிறது. முதல் தடவை வருகிறவர்கள் கொஞ்ச நேரம் அதையே பார்ப்பார்கள். பிறகு தயங்கித் தயங்கி, "இது என்னங்க, கரியா?" என்பார்கள். என் மாமியார் இருந்தவரை அந்தக் கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிடுவார். "எங்க மருமக பொறந்த வீட்டுச் சீருங்க. ஆப்பிரிக்காவிலிருந்து வந்துச்சு!" அதில் கேலி முக்கால், பெருமை கால்.

என் அண்ணன் மலாவி நாட்டில் ஜோம்பா என்ற ஊரில் ஏழு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தார். 1975 வரை அந்த ஊர்தான் அந்த நாட்டுக்குத் தலைநகரமாம். பக்கத்திலேயே மலை. மலோசா என்று அதற்குப் பெயர். உள்ளூர் ஆட்கள் சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு ஏறி, பாறைப் பொந்துகளில் வளர்ந்திருக்கும் படிகங்களைத் தோண்டி எடுத்து வந்து சாலையோரம் விற்பார்கள். நம்மூரில் நுங்கு விற்கிற மாதிரி!

2001-ல் என் மகளின் முதல் பிறந்த நாளுக்கு அண்ணன் லீவில் வந்தார். தங்கக் காசோ வெள்ளிக் கொலுசோ வரும் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். அவர் ஒரு பழைய ஸ்வெட்டரைப் பிரித்து இந்தக் கல்லை எடுத்து வைத்தார். உள்ளங்கை நீளம். வெள்ளைப் பாறைத் துண்டின் மேல் விரல் தடிமனில் கன்னங்கரேலென்று ஐந்தாறு தூண்கள், மை பூசின மாதிரி பளபளப்பாக. ஓரத்தில் புகை படிந்த கண்ணாடி மாதிரி ஒரு பழுப்புப் படிகம். கையில் வாங்கினால், பார்வைக்குத் தெரிவதைவிடக் கனம்.

"இது ஆம்பிபோல் வகை பாப்பா. நல்ல படிகமா கிடைக்கிறது அபூர்வம்" என்றார். கல்லோடு ஒரு சின்னச் சீட்டும் இருந்தது. அதன் பெயர், கிடைத்த இடம், தேதி எல்லாம் அண்ணனின் குண்டுக் கையெழுத்தில். சீட்டைக் கல்லுக்கு அடியிலேயே வைத்தேன்.

எட்டு வருஷம் அங்கேயே இருந்தது. 2009 போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தேன். ஷோகேஸ் முழுக்கக் காலி பண்ணி, பழுப்பேறின காகிதங்களை எல்லாம் கூட்டி வாசலில் எரிகிற நெருப்பில் போட்டேன். அந்தச் சீட்டும் அதில் போயிற்று. எனக்குத் தெரியவே தெரியாது.

மறுவாரம் அண்ணன் வந்தார். வழக்கம்போலக் கல்லைத் தூக்கிப் பார்த்தவர், அடியில் தேடினார். "சீட்டு எங்கே பாப்பா?" எனக்கு அப்போதுதான் உறைத்தது. திட்டியிருந்தால் தேவலை. கல்லைத் திரும்ப வைத்துவிட்டு, "பரவாயில்ல விடு. ஆனா ஊர் பேர் தெரியாத கல்லு, அப்பன் பேர் தெரியாத புள்ள மாதிரி. சேகரிக்கிறவன் மதிக்க மாட்டான்" என்று மட்டும் சொன்னார். காபி குடித்தார், கிளம்பிவிட்டார். மறுபடி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 2011-ல் மாரடைப்பில் போய்விட்டார். கல்லின் பெயர் அவரோடு போயிற்று. "ஆம்பிபோல்" என்ற ஒரு வார்த்தைதான் எனக்கு மிச்சம்.

அந்த வார்த்தைதான் போன மாதம் வீட்டில் கலவரத்தைக் கிளப்பியது.

மகள் எட்டு மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். பேரன் இப்போதுதான் தவழ்கிறான். எதைக் கண்டாலும் வாயில் வைக்கிற வயசு. மாப்பிள்ளை ஷோகேஸைப் பார்த்து என்ன கல் என்று கேட்டார். நான் பெருமையாக, "ஆம்பிபோல், தம்பி. அபூர்வமானது" என்றேன். அவர் உடனே போனில் தட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அத்தை, இது ஆஸ்பெஸ்டாஸ் குடும்பம்னு போட்டிருக்கு. நுரையீரல்ல புத்துநோய் வருமாம். குழந்தை இருக்கிற வீட்டுல இதை வச்சிருக்கீங்களே!"

மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குக் கை காலெல்லாம் வெலவெலத்துப் போயிற்று. இருபத்து நாலு வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் அதைத் துடைத்தவள் நான். என் மகளும் அந்தத் தூசியில்தானே வளர்ந்தாள்? என் கணவர், "கிணத்துல போட்டுடு" என்றார். (கிணற்றில் போட்டால் தண்ணீர் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாமா? ஆண்களுக்கு ஒரு பொருள் கண்ணில் படாவிட்டால் ஒழிந்த மாதிரிதான்.) நான் அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் கூரைக்கு அடியில் வைத்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பிள்ளைக்கு ஆகாது என்றால் தூக்கிப் போடத்தான் வேண்டும். ஆனால் அண்ணனுடைய சீட்டை எரித்தவள், இப்போது கல்லையும் எறிவதா?

எங்கள் அடுத்த தெருவில் ரிட்டயரான ஜியாலஜி புரொபசர் ஒருவர் இருக்கிறார். அவர் மனைவியும் நானும் கோவிலில் சந்திக்கிற பழக்கம். காலையில் போய் விஷயத்தைச் சொன்னேன். "பையைப் பிரிக்காதீங்கம்மா, நானே வர்றேன்" என்று ஒரு சின்ன லென்ஸும் ஊசியும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

முதலில் லென்ஸை வைத்துத் தூண்களை நெடுநேரம் பார்த்தார். ஊசி முனையால் ஓரத்தை லேசாக நெருடினார். பஞ்சு மாதிரியோ தலைமயிர் மாதிரியோ எதுவும் பிரிந்து வரவில்லை. "பயப்பட வேண்டாம். இது நார் இல்லை, கட்டியான படிகம்" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு திண்ணையில் உட்கார்ந்து விளக்கினார். ஆம்பிபோல் என்பது ஒரு கல்லின் பெயர் இல்லை. ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று மாதிரியே இருந்து ஏமாற்றுவதால், 'இரு பொருள் படுவது' என்று அர்த்தம் வருகிற கிரேக்கச் சொல்லை ஆயி என்ற பிரெஞ்சு அறிஞர் அதற்குப் பெயராக வைத்தாராம். குடும்பத்தில் பெரும்பாலும் சாதுக்கள். நம் பக்கம் நாமக்கல் சித்தம்பூண்டிப் பாறையில் இருக்கிற ஹார்ன்பிளெண்ட் ஒரு ஆம்பிபோல்தான். "உங்க அம்மிக்கல்லுல கறுப்புப் பொட்டு இருந்தா, அதுகூட இதுவா இருக்கலாம்" என்று சிரித்தார்.

ஆனால் அதே குடும்பத்தில் சில, மண்ணுக்கடியில் மெல்லிய நாராக வளர்கின்றன. அந்த நார்தான் ஆஸ்பெஸ்டாஸ். ரீபெக்கைட் என்ற கருநீலக் கல் நாராக இருந்தால் அது நீல ஆஸ்பெஸ்டாஸ். மிகப் பொல்லாதவற்றில் ஒன்று. தென்னாப்பிரிக்காவில் அதைத் தோண்டிய பகுதியில் நுரையீரல் உறையில் அபூர்வமான புற்றுநோய் வந்த 33 பேரைப் பற்றி 1960-ல் டாக்டர்கள் எழுதினார்கள். அவர்களில் சுரங்கத்தில் வேலை பார்க்காதவர்களும் இருந்தார்கள். மாடு மேய்த்தவர்கள், வீட்டிலிருந்த பெண்கள்! காற்றில் வந்த தூசியே போதுமானதாக இருந்திருக்கிறது. மூச்சோடு உள்ளே போன நார் அங்கேயே தங்கி, இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துக்கூட நோயைக் காட்டுமாம்.

"அதனால உங்க மாப்பிள்ளை பயந்தது தப்பே இல்லை. குடும்பப் பேரைப் பார்த்துட்டார், ஆளைப் பார்க்கலை. அவ்வளவுதான்" என்றார்.

கல்லை உடைக்கவோ தேய்க்கவோ பொடி பண்ணவோ கூடாது. எந்தக் கல்லின் பொடியும் நுரையீரலுக்கு ஆகாது. காய்ந்த துணியால் தட்டாமல் ஈரத் துணியால் ஒற்றித் துடைத்தால் போதும். தூண்கள் சிம்பு சிம்பாகப் பெயரும், குழந்தை வாயில் வைத்தால் கிழித்துவிடும், ஆகவே பூட்டின கண்ணாடிக்குள் இருக்கட்டும் என்றார். இதெல்லாம் பெரிய கஷ்டமா?

கல்லைப் பையில் வைக்கும்போது அவர் அண்ணாந்து பார்த்தார். "ஏம்மா, இந்தக் கல்லுக்குப் பயந்து வெளியே கொண்டுவந்து வச்சீங்க. தலைக்கு மேல என்ன இருக்கு?"

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்! பதினைந்து வருஷமாக அதன் கீழேதான் துவைக்கிறேன். அது பெரும்பாலும் வெள்ளை வகை, ஆம்பிபோல் குடும்பமே இல்லையாம். ஆனால் அதுவும் நார்தான், எந்த வகையானாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறதாம். சிமெண்டோடு இறுகி முழுசாக இருக்கும்வரை அவ்வளவாகத் தூசி கிளம்பாது. துளை போட்டால், அறுத்தால், உடைத்தால், பாசியைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால்தான் வினை. போன வருஷம் கொடிக்கயிறு கட்ட இவர் அதில் நாலு துளை போட்டார். விழுந்த வெள்ளைப் பொடியைக் கூட்டி அள்ளினது நான்! இனி அதில் கை வைப்பதில்லை என்று முடிவு. மாற்றும்போது தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழு ஷீட்டாக இறக்கச் சொல்லியிருக்கிறார். கொடிக்கயிறு இப்போது மாமரத்தில்.

கல்லின் பெயர் என்ன என்ற கேள்வி மிச்சமிருந்தது. அதைக் கேட்டதும் சார் சின்னப் பையன் மாதிரி உற்சாகமாகிவிட்டார். மலோசாவில் இரண்டு கறுப்புப் படிகங்கள் கூடவே கிடைக்கும். ஏகிரின் ஒன்று, ஆர்ஃப்வெட்சோனைட் ஒன்று. இரண்டாவதுதான் ஆம்பிபோல். ஏகிரின் பிளந்தால் ஏறக்குறையச் சதுர மூலையாகப் பிளக்கும். ஆம்பிபோல் 56, 124 டிகிரியில், தட்டையான டைமண்டு மாதிரி பிளக்கும். பெட்டிப் பஞ்சில் உதிர்ந்து கிடந்த ஒரு துளியை எடுத்து, பாத்ரூம் டைல்ஸின் மேற்பூச்சில்லாத பின்பக்கத்தில் ஒரே ஒரு கோடு இழுத்தார். நீலம் கலந்த சாம்பல் நிறம். ஏகிரின் என்றால் மஞ்சள் ஓடியிருக்குமாம். நிச்சயமாகச் சொல்ல ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும், ஆனாலும் ஆர்ஃப்வெட்சோனைட் என்றே எழுதிக்கொள்ளுங்கள் என்றார். சோடியமும் இரும்பும் உள்ள கல். லித்தியத்தைக் கண்டுபிடித்த ஆர்ஃப்வெட்சன் என்ற ஸ்வீடன் நாட்டு வேதியியலாளரின் பெயரை 1823-ல் வைத்தார்கள். முதலில் கிடைத்தது கிரீன்லாந்தில்.

"அண்ணன் எழுதின கடிதாசி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். எனக்கு அதுவரை அந்த யோசனையே வரவில்லை! பரண்மேல் டிரங்குப் பெட்டியை இறக்கி இரண்டு நாள் தேடினேன். 2001 ஏப்ரலில் வந்த ஏர்மெயில் கடிதத்தில் இருந்தது. மலோசா அடிவாரத்தில் ஒரு பையனிடம் கறுப்புப் படிகம் வாங்கினேன், கேட்ட பணம் கையில் இல்லை, மீதிக்கு என் நீலச் சட்டையைக் கொடுத்தேன், உன் மகளுக்கு வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாரின் பழைய மாணவர் ஒருவர் கல் சேகரிப்பவர். கடிதமும் இருக்கிறது என்று கேள்விப்பட்டு நல்ல விலைக்குக் கேட்டனுப்பினார். மாப்பிள்ளைதான் முந்திக்கொண்டு, "அது விக்கிறதுக்கு இல்லைங்க" என்றார்.

புதுச் சீட்டு நானே எழுதினேன். பெயர், மலோசா மலை, மலாவி, 2001. பழைய சீட்டு 2009-ல் என் கையால் எரிந்தது என்பதையும் எழுதச் சொன்னார் சார். கல் சேகரிப்பில் அதை மறைக்கக் கூடாதாம். சரி என்று எழுதினேன். கடைசி வரியில் நீலச் சட்டையையும் சேர்த்தேன். அது தேவையில்லை என்றார் அவர். நான் அழிக்கவில்லை.