பேப்பர் போடுவதற்கு முன்

சென்னை அபிராமபுரத்தில் என் மனநல ஆலோசனை அறைக்கு வருகிறவர்களில் பலர், உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றுதான்: “மேடம், பேப்பர் போட்டுடட்டுமா?” வேலையை ராஜினாமா செய்துவிடட்டுமா என்று அர்த்தம். சிறுசேரியிலும் தரமணியிலும் ஐ.டி. வேலை பார்க்கிறவர்கள், தி.நகர் வங்கிக் கிளை அதிகாரிகள், தனியார் பள்ளி ஆசிரியைகள், ஆடிட்டர் ஆபீஸ்காரர்கள் என்று யார் வந்தாலும் கேள்வி மாறுவதில்லை. போடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லிவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. ஆனால் எதனால் களைத்தோம் என்று தெரியாமல் எடுக்கிற முடிவு, அடுத்த கம்பெனிக்கும் கூடவே வரும். எனவே என் தொழிலில் பெரும்பகுதி, அந்தக் கேள்வியைச் சில வாரம் தள்ளிப்போட்டு, களைப்பைக் கூறுகூறாகப் பிரித்துக் காட்டுவதுதான். (இந்தக் கட்டுரையில் வருபவர்கள் தனித்தனி மனிதர்கள் அல்லர்; பலருடைய கதைகளைக் கலந்து, அடையாளம் மாற்றிச் சொல்கிறேன்.)

முதலில் உடம்பு. ஆரம்பச் சந்திப்புகளில் மேனேஜரைப் பற்றிக் கேட்பதைவிடத் தூக்கத்தைப் பற்றி அதிகம் கேட்பேன். அமெரிக்க நேரத்துக்காக இரவு பத்தரை வரை கிளையன்ட் மீட்டிங்கில் இருப்பவர், அது முடிந்ததும் படுப்பதில்லை. ஒரு மணி வரை போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். “அந்த நேரம் மட்டும்தான் மேடம் எனக்குன்னு இருக்கு.” காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஆறரைக்கு எழ வேண்டும். ஒரு வருஷம் இப்படி ஓடினால் எந்த வேலையும் கசக்கும். ரத்தப் பரிசோதனை செய்துவரச் சொல்வேன்: தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை. வேலையில் ஆர்வமே போய்விட்டது என்று வருகிறவருக்குத் தைராய்டு குறைந்திருப்பது அபூர்வமல்ல. மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்தபின் மிஞ்சுவது எவ்வளவோ, அதுதான் நாங்கள் பேச வேண்டியது.

அடுத்தது, பர்ன்அவுட்டா டிப்ரஷனா என்பது. பர்ன்அவுட் என்ற பெயரை மனநலத் துறைக்குள் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நியூயார்க்கின் ஓர் இலவச கிளினிக்கில் சேவை செய்தவர்கள் கருகிப்போவதைப் பார்த்து, தானும் அதைப் பட்டு, 1974இல் எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. வேலையோடு தொடர்புடைய ஒரு நிலை என்றுதான் சொன்னது. சக்தி வற்றுவது, வேலைமீது விலகலும் வெறுப்பும் வருவது, செய்வது எதுவும் உருப்படியாக இல்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள்.

நான் கேட்பது இன்னும் சாதாரணமானது. லீவு போட்டுக் குலதெய்வம் கோயிலுக்குப் போனீர்களே, அங்கே எப்படி இருந்தது? “அங்க நல்லாத்தான் இருந்தேன், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திரும்பவும் வயித்தைப் பிசைய ஆரம்பிச்சது” என்றால் களைப்பு வேலையைச் சுற்றி நிற்கிறது. பிள்ளை பேசுவது, பிடித்த பாட்டு, சாப்பாடு எதிலுமே ருசியில்லை என்றால் டிப்ரஷனைத் தேட வேண்டும். இரண்டும் ஒன்றாக வருவதும் உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டுவிடுவேன். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. சொல்ல முடியாமல் தவித்தவர் சொல்லிவிடுவார். மருந்து தேவை என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன், எழுதித் தரும் தகுதி எனக்கில்லை. நடு ராத்திரியில் என்ன செய்வது என்பவர்களுக்கு மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இந்தக் கட்டத்தில் இன்னொரு பயம் எட்டிப் பார்க்கும்: “ஆபீஸுக்குத் தெரிஞ்சுடுமா?” கம்பெனியே இலவச ஆலோசனைக்கு ஏற்பாடு செய்திருந்தும் சொந்தக் காசில் வருவதற்கு அப்ரைசல் பயம்தான் காரணம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை ஓர் உரிமையாகவே தருகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வீட்டாரிடம் பேச வேண்டியிருக்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

பிறகுதான் வேலை. பர்ன்அவுட்டை அளக்கும் கேள்விப் பட்டியலை 1981இல் உருவாக்கிய கிறிஸ்டினா மாஸ்லாக், பிற்பாடு மைக்கேல் லைட்டரோடு சேர்ந்து ஆறு இடங்களைச் சுட்டிக்காட்டினார்: வேலைப்பளு, நம் கையில் இருக்கும் கட்டுப்பாடு, கிடைக்கும் பலன், கூட வேலை செய்பவர்கள், நியாயம், நாம் மதிக்கும் விஷயங்கள். இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, எது அதிகம் உறுத்துகிறது என்று வரிசைப்படுத்தச் சொல்வேன். பளு எப்போதும் முதலில் வருவதில்லை. ஒரு டீம் லீடுக்கு உறுத்தியது, நன்றாக உழைத்த பையனுக்கு, சிலருக்குக் குறைத்தே ஆக வேண்டும் என்ற பெல் கர்வ் கணக்குக்காகக் குறைந்த ரேட்டிங் போட வேண்டி வந்தது. ஒரு வங்கி அதிகாரிக்கோ, டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்த பென்ஷன்காரர் தலையில் இன்சூரன்ஸ் பாலிசி கட்ட வேண்டிய டார்கெட். இரண்டு பேரும் சொன்ன வார்த்தை “ஸ்ட்ரெஸ்”. முன்னவருக்கு டீம் மாறினால் போதும். பின்னவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தால், மனசாட்சி உறுத்தாமல் பாலிசி விற்கப் பழக்கிவிடுவதாக ஆகும்.

ஆலோசனைப் பேச்சு எங்கே முடிய வேண்டும் என்பதை நினைவூட்டத் தி.நகரின் ரங்கநாதன் தெரு பக்கத்திலேயே இருக்கிறது. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்களின் கால் வலிக்கு எந்த ஆலோசகரும் தேவையில்லை, நாற்காலிதான் தேவை. கேரளம் 2018இல் செய்ததைப் பின்பற்றி, 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே தினத்தன்றே வாபஸ் ஆனது. மனக்களைப்பின் மருந்துகளில் சில சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் பற்றிப் பேச யாராவது கூப்பிட்டால், உங்கள் ஆட்களுக்குக் கடைசி மீட்டிங் எத்தனை மணிக்கு முடிகிறது என்று முதலில் கேட்பேன். அந்தக் கேள்வியோடு அழைப்பு நின்றுபோனதும் உண்டு.

எல்லாம் பிரித்தபின்னும் வேலையை விடுவதே சரி என்று படலாம். அப்போது கணக்கு நோட்டை எடுக்கிறோம். நோட்டீஸ் பீரியட் 90 நாளா? வீட்டுக் கடன் ஈ.எம்.ஐ. எவ்வளவு? அப்பா அம்மாவின் மருத்துவக் காப்பீடு கம்பெனி பாலிசியில்தானே இருக்கிறது? மனைவிக்கோ கணவருக்கோ தெரியுமா? பேக்கரி வைக்கப்போகிறேன் என்பவரைச் சில மாதம் சனி ஞாயிறுகளில் ஒரு பேக்கரியில் நின்று பார்க்கச் சொல்வேன். மாவு பிசைவது பிடித்தவருக்கு வாடகையும் ஆள் பற்றாக்குறையும் பிடிக்கிறதா என்பது அங்கே தெரியும். “நல்ல வேலையை யாராவது விடுவாங்களா?” என்று அதட்டும் ரிடயர்டு அப்பாவையும் சில நேரம் வரச்சொல்வேன். அவர் கோபத்துக்கு அடியில் இருப்பது பயம் என்று மகன் நேரில் கேட்டால், வீட்டில் பாதி சண்டை குறையும்.

இருக்க முடிவு செய்கிறவர்களுக்கு வேறு பாடம். மேனேஜரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அறையிலேயே ஒத்திகை பார்க்கிறோம். அதுவரை தமிழில் அழுதவர் அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும், ஆபீஸில் பேச்சு அதில்தான். நான் மேனேஜராக உட்கார்ந்து மறுப்பேன், பேச்சை மாற்றுவேன், “எல்லாரும்தானே பண்றாங்க” என்பேன். வாரத்தில் இரண்டு நாள் எட்டு மணிக்கு மேல் மீட்டிங் வேண்டாம் என்று மன்னிப்புக் கேட்காமல் சொல்லப் பழகும்வரை விடமாட்டேன். நிஜ மேனேஜர் ஒத்துக்கொண்டால் அந்த இரண்டு நாளைக் காப்பாற்றுவது அடுத்த வேலை. மறுத்தால், தான் கேட்டும் மாறாத இடம் அது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் எழுதுகிற ராஜினாமாக் கடிதத்துக்கு என் சம்மதம் தேவைப்படாது.