மேசைமேல் ஒரு காங்கேசன்துறை

பயணக் கட்டுரை எழுதுபவர் எங்கேனும் சென்று வந்திருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. நான் சொல்லப்போகும் பயணமோ, பெரும்பாலும் ஒரு வீட்டின் பின் விறாந்தையில், எட்டடி நீளமும் நாலடி அகலமுமான பிளைவூட் பலகைகளின் மேல் நடைபெற்றது. இடையில் ஒரே ஒரு நாள் மெய்யாகவே புகையிரதம் ஏறிச் சென்றேன். அந்த ஒரு நாளின் பயனையும் வாசகர்கள் முடிவிற் காண்பார்கள்.

காங்கேசன்துறை நான் பிறந்த ஊர். யாழ்தேவி முதன்முதலாக ஓடிய 1956 ஆம் ஆண்டிலேயே நானும் பிறந்தேன். வடபகுதிக்குப் புகையிரதம் வந்தது அதற்கும் அரை நூற்றாண்டு முன்பாகும். 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே பாதை திறக்கப்பட்டது. 1905 இல் அது தெற்கிலிருந்து வந்த பாதையுடன் இணைந்தது. கொழும்புக் கோட்டையிலிருந்து நானூறு கிலோமீற்றருக்கும் மேலாக ஓடிவரும் தண்டவாளம் எங்கள் ஊரில், கடலின் அருகே, முடிவடைகிறது. பிறருக்கு அது பாதையின் முடிவு; எங்களுக்கோ அதுவே தொடக்கம். நிலையத்துக்கு எதிரே என் தந்தையார் ஒரு தேநீர்க்கடை வைத்திருந்தார். இரவுத் தபால் வண்டியின் ஊதலொலி கேட்டே எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றும்.

1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அந்த ஊதல் நின்றது. ஊரும் இடம்பெயர்ந்தது. 1950 முதல் புகை கக்கிய சீமெந்துத் தொழிற்சாலையும் அவ்வாண்டிலேயே ஓய்ந்தது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுக் காவலரண்களாயின. எங்கள் காணி பல ஆண்டுகளின் பின் விடப்பட்டபோது அங்கே கிணற்றுக்கட்டு ஒன்றே அடையாளமாக இருந்தது. கடை நின்ற இடத்தைப் பற்றைக்காடு மூடியிருந்தது.

2018 ஆம் ஆண்டின் இறுதியில் என் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன என வைத்தியர் கூறினார். அன்று முதல் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் பக்கத்திற் படுத்திருப்பது என் தொழிலாயிற்று. இடக்கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்து வழி செய்துள்ளார்கள். அக்கையாற் பாரம் தூக்குதல் ஆகாது. குடிக்கும் தண்ணீரும் நாளொன்றுக்கு அளந்த அளவே. எஞ்சிய நான்கு நாட்களிலும் என்ன செய்வது? முப்பது ஆண்டுகள் படவரைஞனாக வேலை பார்த்தவன் நான். கைக்குப் பழகிய தொழில் பென்சிலும் அடிமட்டமும். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், காரணம் எதுவும் யோசியாமல், எங்கள் நிலையத்தின் முகப்பை வரையத் தொடங்கினேன். மாலையில் அதை மட்டையில் வெட்டி நிறுத்தினேன். அப்படித்தான் ஊர் எழும்பத் தொடங்கியது.

இவ்வித மாதிரி அமைப்பில் முதலிற் தீர்மானிக்க வேண்டியது அளவுத்திட்டம். நம் நாட்டின் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலுள்ள தூரம் 5 அடி 6 அங்குலம். அதாவது 1676 மில்லிமீற்றர். விளையாட்டுப் புகையிரதங்களுக்கென உலகெங்கும் விற்கப்படும் தண்டவாளத்தின் அகலமோ 16.5 மில்லிமீற்றர். ஆகவே நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஏறத்தாழச் சரியாகிவிடுகிறது. ஒரு மீற்றர் ஒரு சென்ரிமீற்றராகும். இரண்டு மீற்றர் உயரமுள்ள கதவு இரண்டு சென்ரிமீற்றர் நிற்கும். ரொறன்ரோவில் வாழும் என் மருமகன் தண்டவாளத்தையும் ஒரு டீசல் எஞ்சினையும் அனுப்பிவைத்தான். 1954 முதல் கனடா நாடு நமக்குத் தந்த எஞ்சின்களுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. கனடாவிலிருந்தே என் எஞ்சினும் வந்தது பொருத்தமாகவே தோன்றியது. ஆனால் அது எண்பத்தேழில் ஒரு பங்கு அளவிற் செய்யப்பட்டது. என் ஊருக்குச் சற்றுப் பெருத்தது. இதை மருமகனுக்கு நான் எழுதவில்லை.

மற்றவை யாவும் உள்ளூர்ச் சரக்குகளே. பனை ஈர்க்கு வேலியாயிற்று. தீப்பெட்டி அட்டை ஓடாயிற்று. தும்பும் நூலும் பனைமரத்தின் வட்டாயின. பாரம் தூக்குவதும் பலகை அறுப்பதும் என் மனைவியின் பங்கு. கைநடுங்கும் வேளைகளில் பசை தடவுவது பத்து வயதுப் பேத்தியின் பங்கு.

இங்கிலாந்தில் ரோய் இங்கிலண்ட் என்னும் அவுஸ்திரேலியர் ஒருவர் இருந்தார். 1925 இல் அங்கு சென்ற அவர், ஒரு பள்ளத்தாக்கின் பழைய ஓலைக்கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மாறி அழிவதைக் கண்டு, அவற்றை உள்ளபடியே சிறு மாதிரிகளாகச் செய்யத் துணிந்தார். அவர் தொடங்கிய பணி பென்டன் அருங்காட்சியகமாக வளர்ந்து இன்றும் தொடர்கிறது. அவர் செயலை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒருவிதப் பொறாமை உண்டாகும். அவர் அளவுநாடாவுடன் சென்றபோது வீடுகள் நின்றன. சுவரின் நீளத்தைச் சுவரிடமே கேட்டறிந்தார். நான் யாரிடம் கேட்பேன்?

வைத்தியசாலையிலேதான் கேட்டேன். நான்கு மணி நேரம் கட்டிலிற் கிடப்பவர்களுக்குப் பேசுவதன்றி வேறு வேலை என்ன? எனக்கு வலப்புறக் கட்டிலிற் கிடந்தவர் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எதிரே கீரிமலைப் பக்கத்து அம்மா ஒருவர். மூலைக் கட்டிலில், ஒரு காலத்தில் எங்கள் நிலையத்திலேயே சுமை தூக்கிய பெரியவர். நான் வரைபடத்தை விரித்ததும் வார்ட்டில் ஊர்ச்சபை கூடிவிட்டது.

“ஐயா, இந்த வேப்பமரம் பிழை. அது கிணற்றுக்குக் கிழக்காலை நின்றது” என்றார் தொழிற்சாலைக்காரர்.

“மேற்காலை தம்பி. நான் அதின்ரை நிழலிலை இருந்துதான் கடலை வித்தனான்” என்றார் அம்மா.

அந்த வழக்கு இரண்டு வாரம் நடைபெற்றது. முடிவில் மரங்கள் இரண்டு என்று தெரியவந்தது. ஒவ்வொருவருக்கும் தம் மரமே நினைவிருந்தது. தொழிற்சாலையின் தூசு படிந்து இலைகள் சாம்பல் நிறமாயிருந்ததை நினைவூட்டியவரும் அவரே. அதன்பின் என் மரங்களுக்கெல்லாம் சுண்ணாம்புத்தூள் தூவினேன்.

என் தந்தையாரின் கடையைச் செய்யத் தொடங்கியபோதுதான் நான் மிக வெட்கினேன். கடையின் கண்ணாடிப் போத்தல்கள், பித்தளைக் கேத்தில், சுவர்க் கடிகாரம் யாவும் கண்முன் நின்றன. ஆனால் கதவின் நிறம் நினைவில் இல்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் நான் திறந்து மூடிய கதவு அது! உடன்பிறந்தார் எவருக்கும் தெரியவில்லை. ஒரு மாதம் அக்கடை நிறமில்லாக் கதவுடன் நின்றது. இறுதியில் மூலைக்கட்டிற் பெரியவர் சிரித்துக்கொண்டு சொன்னார்:

“பச்சை, தம்பி. ஸ்ரேஷனுக்குப் பூசி மிஞ்சின பெயின்ற். நான்தான் உங்கடை அப்புவுக்குக் கொண்டுவந்து குடுத்தனான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்.”

சுமார் ஐம்பது ஆண்டுகள் காக்கப்பட்ட இரகசியம் அன்று வெளிவந்தது. நான் பச்சை பூசினேன். பூசிய மறுகணமே, அந்தக் கதவில் சிறுவயதில் நகத்தாற் சுரண்டிய இடமும், அதற்காக வாங்கிய அடியும் நினைவுக்கு வந்தன.

இனி அந்த ஒருநாட் பயணத்தைச் சொல்ல வேண்டும். 2014 ஐப்பசியில் யாழ்ப்பாணம் வரையும், 2015 தைமாதத் தொடக்கத்தில் காங்கேசன்துறை வரையும் புகையிரதம் மீண்டும் வந்திருந்தது. நோய் வருமுன் ஏனோ நான் அதில் ஏறவில்லை. 2019 மாசியில், இயந்திரத்துக்குச் செல்லாத ஒரு நாளில், பேத்தியுடன் யாழ்ப்பாணத்தில் ஏறினேன். கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என நிலையங்கள் வந்தன. மாவிட்டபுரத்தை அணுகியபோது பேத்திக்கு அவ்வூர்க் கதையைச் சொன்னேன். குதிரை முகமும் குன்ம நோயும் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் நீராடி நலம்பெற்றாள் என்பதும், மா என்னும் குதிரையின் முகம் விட்ட ஊர் மாவிட்டபுரம் ஆயிற்று என்பதும், அவள் எடுப்பித்த கோயிலுக்குக் காங்கேயனாகிய முருகனின் திருவுருவம் வந்திறங்கிய துறையே காங்கேசன்துறை என்பதும் கர்ணபரம்பரை.

“அப்ப அம்மப்பாவும் அங்கை குளிச்சால் சுகம் வருமோ?” என்று கேட்டாள்.

“கேணித் தண்ணியைப் பார்த்தாலே எனக்குத் தாகம் வரும், பிள்ளை” என்றேன். நம் இருவருக்கும் அதுவே போதிய விடையாயிற்று.

நிலையம் புதிதாக, அழகாக நின்றது. எங்கள் கடை இருந்த பக்கத்தை நெடுநேரம் பார்த்தேன்; அங்கே அளப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே நான் வந்த காரியத்தைச் செய்தேன். மேடையின் முனையிலிருந்து கடலை நோக்கி நடந்தேன். என் அமைப்பிற் கட்டடங்களுக்கு அளவு உண்டேயன்றி, இடைவெளிகள் யாவும் மனக்கணக்கு. கடலை மூன்றாவது பலகையிலே வைத்திருந்தேன். சிறுவயதில் அது அவ்வளவு தொலைவு. பேத்தி அடிகளை எண்ணினாள். இருமுறை இளைப்பாறினேன். கரையை அடைந்தபோது, நான் எண்ணியிருந்த தூரத்திற் பாதிகூட ஆகவில்லை. அரைக்காற்சட்டையுடன் ஓடிய சிறுவனின் கால்கள் அளந்த தூரத்தை நான் இத்தனை ஆண்டும் உண்மையென்று சுமந்திருக்கிறேன்! நோயாளியின் கால்களுக்கும் அது குறுகிய வழியாகவே இருந்தது. கடல் நான் நினைத்ததைவிடக் கிட்டவே இருந்தது என்பதில் எனக்குண்டான மகிழ்ச்சியை விளக்க இயலாது.

வீடு திரும்பி, நடுப்பலகையைக் கழற்றிவிட்டேன். இப்போது தண்டவாளம் முடிந்ததும் சற்றே மணல், உடனே கடல். அந்த மணல் அன்று பேத்தி தன் சட்டைப் பையில் அள்ளிவந்தது.

அதன்பின் அவள் ஒரு குறை கண்டாள். “அம்மப்பா, ஊரிலை ஆக்களைக் காணேல்லையே?” என்றாள். உண்மைதான். வீடுகளைச் செய்யத் துணிந்த எனக்கு மனிதரைச் செய்யத் துணிவு வரவில்லை. யாரை வைப்பது, யாரை விடுவது? நூற்றில் ஒரு பங்கிற் சாதாரண உயரமுள்ள மனிதர் ஒன்றேமுக்கால் சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. தீக்குச்சித் துண்டில் ஒருவரைச் செய்துவிடலாம். செய்வது எளிது. வைப்பதுதான் அரிது.

அம்மாதத்தில் ஒரு புதன்கிழமை மூலைக்கட்டில் வெறுமையாக இருந்தது. மறுவாரம் அதில் வேறொருவர் படுத்திருந்தார். அங்கு வருபவர்களுக்கு இது பழகிய காட்சியே. எவரும் உரத்துப் பேசுவதில்லை. பெரியவருக்கு நான் என் ஊரைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். படங்கள் மட்டுமே பார்த்தார். அன்று மாலை முதல் மனிதரைச் செய்தேன். தோளிற் சால்வையுடன் அவர் மேடையில் நிற்கிறார். கையில் ஒரு சிறு வாளி. அதில் என்ன உள்ளதென்பது அவருக்கும் என் தந்தையாருக்கும் எனக்குமே தெரியும். இப்போது வாசகர்களுக்கும் தெரியும். அவருக்குப்பின் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கடலை விற்கும் அம்மா மேற்கு மரத்தின் கீழே இருக்கிறார். தொழிற்சாலைக்காரர் கிழக்கு மரத்தடியிற் சைக்கிளுடன் நிற்கிறார். தந்தையார் கடைக்குள் இருப்பதால் தெரியமாட்டார். கதவு திறந்திருக்கிறது.

இந்த வேலை என் நோயை மாற்றவில்லை. மாற்றுமென்று நான் எண்ணவுமில்லை. ஆனால் நோயாளி என்பவன் பிறரிடம் உதவி கேட்பவனாகவே மாறிவிடுகிறான். தண்ணீர் கேட்கிறான், தோள் கேட்கிறான், நேரம் கேட்கிறான். எனக்கோ கேட்பதற்கு வேறொன்றும் இருந்தது. மரம் எங்கே நின்றது, கதவு என்ன நிறம் என்று கேட்டேன். அக்கேள்விகளுக்கு விடை சொன்னவர்களின் முகங்களும், அந்த நான்கு மணி நேரத்துக்கு, நோயாளிகளின் முகங்களாக இல்லை. என் ஊர் என் தலைக்குள் முழுமையாக இருக்கிறதென்று நினைத்தே பென்சிலை எடுத்தேன். அது பத்துப்பேரின் தலைகளிற் சிதறிக் கிடந்தது.

மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் வீடும் ஒழுங்கையும் கோயில் வீதியும் இன்று நிற்கின்றனவாயின், ஒரு விடுமுறை நாளில் அளவுநாடாவும் கொப்பியும் எடுத்துச் செல்லுங்கள். கதவின் நிறத்தையும் மறவாது குறியுங்கள். முதியவர்கள் இருக்கும்போதே மரங்களின் திசையைக் கேட்டுவையுங்கள்.

எங்கள் கடையிலிருந்து மூன்றாவது வளவு இன்னும் பென்சிற் கோடாகவே கிடக்கிறது. அங்கே நின்ற வீட்டின் முகப்பு எவருக்கும் நினைவில்லை. புதன்கிழமை மீண்டும் வைத்தியசாலைக்குச் செல்வேன். புதிதாக வந்தவர் காங்கேசன்துறையைத் தெரிந்தவரோ என்று விசாரிக்க வேண்டும்.