சுவரில் மாட்டிய வசனம்

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீடு ஒற்றை அறைதான். உணவு, உறக்கம், தொழுகை அனைத்தும் அதிலேயே. கிப்லா திசையான மேற்குச் சுவரில், பொன்னெழுத்தில் பொறித்த ஆயத்துல் குர்ஸீயை ஆசையோடு மாட்டியிருந்தேன். வந்தோர் அனைவரும் புகழ்ந்தனர்.

ஒரு நாள் மஃரிபுக்குப் பின் என் மகன் கேட்டான்: "அத்தா, இதை தினமும் ஓதுறோமே, அர்த்தம் என்ன?" ஊரார் பிள்ளைகளுக்குப் பொருள் சொல்லித்தரும் நான் தலைகுனிந்தேன். தொழுகையில் என் கண்ணும் அப்பொன்னொளியிலேயே நின்றிருந்தது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் தொங்கிய திரைச்சீலை நினைவுக்கு வந்தது. அதன் உருவங்கள் தொழுகையில் குறுக்கிடுவதாகக் கூறி, அதை அகற்றுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது.

சட்டகத்தைப் பக்கச் சுவருக்கு மாற்றி, மகனின் கண்மட்டத்தில் மாட்டினேன். நாளுக்கு ஒரு சொல்லாகப் பொருள் படிக்கிறோம். 'அல்கய்யூம்' வரை வந்திருக்கிறோம்.

பெற்றோர்களே, தொழும் திசையிலுள்ள சுவரை வெறுமையாக விடுங்கள். வசனத்தை மாட்டும் நாளிலேயே அதன் பொருளையும் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். நம் இல்லங்களை அல்லாஹ் தொழுகையால் அழகாக்குவானாக! ஆமீன்.