மாமா போட்ட கையெழுத்து

நான் பி.காம். அதனால் எதைப் பார்த்தாலும் டெபிட்டா, கிரெடிட்டா என்றுதான் முதலில் தோன்றும். கல்யாண வீட்டில் மொய் நோட்டு டேலி ஆகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பந்திக்கே போவேன். (திட்டாதீர்கள், வியாதி.)

அப்பேர்ப்பட்ட எனக்கே கணக்கு உதைத்த இடம், மாகறலில் என் மாமா வீட்டுத் திண்ணை.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய தலம். சோழ ராஜாவின் ஆட்கள் தங்க உடும்பு ஒன்றைத் துரத்த, அது புற்றுக்குள் ஓடி ஒளிய, இவர்கள் புற்றை வெட்ட, ரத்தம் பீறிட்டதாம். இன்றைக்கும் லிங்கம் உடும்பு வால் போலத்தான் இருக்கும். "அவசரப்பட்டுத் தோண்டாதேன்னு அப்பவே சாமி சொல்லிட்டாரு மாப்ளே" என்பார் மாமா. வேறு யாராவது சொன்னால் சிரிக்கலாம். மாமாவுக்கு மண்ணைத் தோண்டுவதுதான் தொழிலாக இருந்தது.

தறிக்காரர் மகன். ராணுவத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து ஹவில்தாராக ரிட்டயர் ஆனவர். 2009-ல் இலங்கையில் போர் முடிந்ததும் இந்திய அரசு 500 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. கண்ணிவெடி அகற்ற ஏழு இந்தியக் குழுக்களின் செலவையும் ஏற்றுக்கொண்டது. முன்னாள் ராணுவத்தார் நிறைந்த அந்தக் குழுக்களில் ஒன்றோடு 2010-ல் மாமா வன்னிக்குப் போனார்.

"எப்படி மாமா எடுப்பீங்க?"

"தறி மாதிரிதான். ஒரு புடவை அகலத்துக்கு நீள நீளமா கயிறு கட்டிக்குவோம். மூஞ்சிக்குக் கண்ணாடி, நெஞ்சுக்குக் கவசம். அந்த வெயில்ல மண்டி போட்டுக்கினு கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி போவணும். ஒரு நாளைக்கு இவ்ளோதான் ஏறும்னு தறிக்கு ஒரு கணக்கு இருக்குல்ல? அவசரப்பட்டா அங்க இழை அறுந்துபோச்சுன்னு முடிஞ்சு போட முடியாது."

பிளாஸ்டிக்கில் செய்த மிதிவெடியில் (அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) உலோகம் கடுகளவுதான் இருக்கும். ஆனால் டிடெக்டருக்குத் துருப்பிடித்த ஆணியும் ஒன்றுதான், துப்பாக்கித் தோட்டாவின் கூடும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் கத்தும். கத்தும்போதெல்லாம் இதுதான் கடைசி என்ற நினைப்போடு தோண்ட வேண்டும். நூறு தடவை ஆணி வந்தால் நூற்றியொன்றாவது தடவை கை அலட்சியமாகும். அந்தத் தடவைதான் ஆபத்து.

இனி என் சப்ஜெக்ட். மிதிவெடி ஒன்றைச் செய்ய 3 டாலர் போதும். எடுக்க 300 முதல் 1000 டாலர் வரை ஆகும் என்பது ஐ.நா. வட்டாரத்தில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஆபீஸ் நாற்காலிக்குக்கூடத் தேய்மானம் எழுதுகிறோம். மிதிவெடிக்கு அது கிடையாது. போட்டவர் செத்து, போர் முடிந்து, சமாதானப் பேச்செல்லாம் பேசி முடித்த பிறகும் அது டியூட்டியில் இருக்கும்.

இன்னொரு சிக்கல். உதவி செய்கிற நாட்டுக்கு போட்டோ வேண்டும். தப்பில்லை, வரி கட்டுகிறவன் கேட்பான். இந்தியாவே வீடு கட்ட ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய் கொடுத்தது. ரயில் பாதை போட்டுக் கொடுத்து, 2014 அக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் போனது. ரிப்பன் வெட்டினார்கள். மிதிவெடி எடுத்த நிலத்தில் எதை வெட்டுவது? முன்னும் பின்னும் பார்க்க அதே புல்தான். ஒன்றுமே நடக்காமல் இருப்பதுதான் அங்கே லாபம். அதை எந்த காலத்தில் எழுதுவது என்று எனக்குக் கல்லூரியில் சொல்லித்தரவில்லை.

மாமா எடுத்த நிலம் ஒன்றை ஊர்க்காரர்களிடம் ஒப்படைத்தபோது, சுத்தம் என்று பேப்பரில் அவரும் ஒரு கையெழுத்துப் போட்டார். நான் எழுத வருமுன் மூன்று வருடம் ஆடிட் ஆபீஸில் குப்பை கொட்டியவன். பத்து வவுச்சரைப் பார்த்துவிட்டு நூறுக்கும் டிக் அடித்திருக்கிறேன். அதைப் பெருமையாகச் சொன்னேன்.

மாமா சிரிக்கவில்லை. "பேப்பரைக் கொடுத்த அன்னிக்கே ஒரு அம்மா மம்மட்டியோட வந்துட்டாங்க. பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு, செருப்புகூட இல்ல. என் கையெழுத்தை நம்பி எறங்குது மாப்ளே. கடைசி வரிசையில அன்னிக்கு சாயங்காலம் சரியா பாத்தோமான்னு இப்பகூட ராத்திரில வரும்."

"பாத்திருப்பீங்க மாமா."

"பாத்தேன். ரெண்டு தடவ பாத்தேன். அப்பவும் வருதே."

அத்தை உள்ளேயிருந்து, "ராத்திரி எழுந்து உக்காந்துக்குவாரு. நான் தண்ணி குடுத்துட்டுத் தூங்கிடுவேன்" என்றார்.

வேலை இன்னும் முடியவில்லை. 2002 முதல் அங்கே இருக்கும் ஹாலோ டிரஸ்ட் போன்ற நிறுவனங்களில் இப்போது மண்டி போடுகிறவர்களில் நிறையப் பேர் அந்த ஊர்ப் பெண்கள். போரில் கணவனை இழந்தவர்களும் உண்டு. சம்பளம் அமெரிக்கா, ஜப்பான், பிரிட்டன், நார்வே என்று எங்கிருந்தோ வரவேண்டும். மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017-ல் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூன் வரை கெடு. (இந்தியா அதில் கையெழுத்தே போடவில்லை என்பது தனிக்கதை.) இதற்கு நடுவில் 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி வைத்தபோது, உலகம் முழுக்க அதன் பணத்தில் நடந்த மிதிவெடி வேலைகளையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

செய்தியை மாமாவிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

"பாதி நெஞ்ச புடவையைக்கூட துண்டா வெட்டி வித்துடலாம். பாதி பாத்த நெலத்தை என்னா பண்ணுவாங்க?"

பேப்பரை வாங்கி, இலங்கைச் செய்தி வேறு ஏதாவது இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒன்றும் இல்லை. மடித்து வைத்துவிட்டு, "வா, டீ சாப்பிடலாம்" என்று செருப்பைத் தேடினார்.