ஒரு கடிதம், பல தொகைகள்

கொல்கத்தாவில் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களின் மொழி வழக்கு குறித்து ஆய்வு செய்து வருகிறேன். லேக் மார்க்கெட்டைச் சுற்றிய தெருக்களில் நேர்காணல்கள் நடந்தன என்றாலும், தரவுகளில் பெரும்பகுதி மின்னஞ்சலாகவே வந்தது. என் வினாக்களுக்குப் பலர் நீண்ட கடிதங்களாக விடை எழுதினர். சிலர் பிறகு நினைவுக்கு வந்தவற்றைத் தாமாகவே எழுதி அனுப்பினர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அக்கடிதங்களை எவ்வாறு வகைப்படுத்தி வைத்திருக்கிறேன் என்று ஆய்வு மாணவ நண்பர்கள் சிலர் கேட்டனர். விடை சற்று நீளமானது, ஆதலால் இப்பதிவு.

ஒரு மாதிரிக் கடிதத்தை எண்ணிப் பாருங்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவர், பக்கத்து வீட்டுப் பெண்மணியை ‘அண்ணி’ என்னாமல் ‘பௌதி’ என்றே அழைப்பதாகத் தமிழில் எழுதுகிறார். இக்கடிதம் உறவுப்பெயர் பற்றியது. வங்கச் சொல் பற்றியதும் ஆகும். இரண்டாம் தலைமுறையினர் ஒருவரின் எழுத்துமாகும். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கோப்புறை முறையில் இதனை எங்கே வைப்பது? ஓரிடத்தில் வைத்தால் மற்ற இரண்டு இடங்களில் தேடும்போது அகப்படாது. மூன்று படிகள் எடுத்தாலோ, நாளடைவில் எது மூலம், எதில் குறிப்பு எழுதினோம் என்பது குழம்பிவிடும்.

இச்சிக்கலுக்கு எனக்குத் தீர்வு தந்தது ஒரு பழைய கருவி. 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் புரூஸ் போர்டன் என்பவர் எழுதிய எம்.எச். என்னும் அஞ்சல் நிரல் தொகுப்பு அது. அதன் இன்றைய வடிவம் என்.எம்.எச். எனப்படுகிறது, கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு கடிதமும் ஒரு தனிக் கோப்பு; கோப்பின் பெயர் வெறும் எண். கடிதங்களை வகைப்படுத்துவதற்கு அவற்றை இடம் மாற்ற வேண்டியதில்லை. கடிதங்களுக்கு அருகிலேயே ஒரு சிறு உரைக்கோப்பு இருக்கும். அதில் வரிக்கு ஒரு பெயரும், அப்பெயருக்குரிய கடிதங்களின் எண்களும் எழுதப்பட்டிருக்கும். தமிழில் எழுதிக் காட்டினால் இவ்வாறு அமையும்: ‘உறவு: 3 17 41-44’, ‘வங்கச்சொல்: 17 42 90’. பதினேழாம் கடிதம் இருந்த இடத்திலேயே இருக்கிறது; இரண்டு வரிகளில் அதன் எண் வருகிறது. ஆங்கிலத்தில் இதனை ‘சீக்வென்ஸ்’ என்பர். நான் ‘தொகை’ என்று வழங்குகிறேன்.

அச்சொல்லை வேண்டுமென்றேதான் தேர்ந்தேன். தமிழ் படித்தோர்க்கு இம்முறை புதிதன்று. அகநானூற்றின் 400 பாடல்களுக்கும் எண்ணே திணையைச் சொல்லிவிடும். ஒற்றைப்படை எண்கள் யாவும் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிபவை குறிஞ்சி. நான்கில் முடிபவை முல்லை, ஆறில் முடிபவை மருதம், பத்தின் மடங்குகள் நெய்தல். ஆக, பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் நாற்பது நாற்பது. அதே நூல் களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக்கோவை என மூன்று பகுதிகளாகவும் பகுக்கப்பட்டுள்ளது. முதல் 120 பாடல்கள், அடுத்த 180, இறுதி 100. முதற்பாடல் களிற்றியானை நிரையைச் சேர்ந்தது, பாலைத்திணையைச் சேர்ந்தது, மாமூலனார் பாடியவற்றுள்ளும் ஒன்று. இம்மூன்றில் எதற்காகவும் அப்பாடல் இடம்பெயர வேண்டியதில்லை. தொகுத்தோர் எண்ணை வைத்தே திணையைக் காட்டினர். நாம் பெயரை எழுதி எதிரே எண்களை வரிசைப்படுத்துகிறோம். அவ்வளவே வேறுபாடு.

அச்சு நூலின் அட்டைக்கு இவ்வசதி இல்லை. இந்நகரத்தோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டு இந்திய மொழியியல் அளவாய்வு. 1894இல் கிரியர்சன் தலைமையில் தொடங்கி, 1903 முதல் 1928 வரை கல்கத்தா அரசு அச்சகத்தில் 11 தொகுதிகளாக வெளிவந்தது. அதுவும் அடிப்படையில் ஒரு கடிதச் சேகரமே. ஊதாரி மைந்தன் உவமையின் மொழிபெயர்ப்பு, உள்ளூர்க் கதை அல்லது வாக்குமூலம், சொற்பட்டியல் ஆகியவை மாவட்ட அலுவலர்கள் வழியாக அஞ்சலில் வந்து குவிந்தன. 179 மொழிகளும் 544 கிளைமொழிகளும் அதில் இடம்பெற்றன. ஒவ்வொன்றும் ஏதேனும் ஓர் அட்டைக்குள் அடங்கியாக வேண்டும். 1906இல் ஸ்டென் கோனோ பதிப்பித்த நான்காம் தொகுதியின் தலைப்பே ‘முண்டா மற்றும் திராவிட மொழிகள்’ என்பது. அவ்விரண்டும் வெவ்வேறு குடும்பங்கள் என்பதை அத்தொகுதியே பேசுகிறது. இருப்பினும் நூலகத் தட்டில் இரண்டும் ஓருடலாகவே நிற்கின்றன. அட்டை என்பது இடத்தைக் காட்டுவது, இனத்தைக் காட்டுவதன்று. கோப்புறையும் அத்தகையதே.

இனிச் செய்முறை. தொகை அமைக்க இரண்டு கட்டளைகள் போதும். ‘பிக்’ என்பது தேடிப் பொறுக்குவது. அனுப்புநர், பொருள், நாள், உள்ளே வரும் சொல் ஆகியவற்றுள் எதைக் கொண்டும் தேடி, அகப்பட்டவற்றுக்கு ஒரு பெயர் சூட்டலாம். ‘மார்க்’ என்பது கையால் குறிப்பது. படித்துப் பார்த்து, இக்கடிதம் இத்தொகைக்குரியது என்று நாமே சேர்ப்பது அல்லது நீக்குவது. ஒன்றை நினைவிற்கொள்க. ஏற்கெனவே உள்ள பெயரைக் கொடுத்தால் ‘பிக்’ பழைய தொகையை அழித்துப் புதிதாக எழுதும். ‘மார்க்’ இருப்பதோடு சேர்க்கும். ஒரு தொகைக்குள்ளேயே மீண்டும் பொறுக்கலாம் என்பதால், ‘உறவு’ தொகையில் கடந்த ஆண்டு வந்தவை மட்டும் எவை என்ற வினாவுக்கு ஒரே வரியில் விடை கிடைக்கும். தொகைகள் அந்தந்தக் கோப்புறைக்குள் மட்டுமே செல்லுபடியாகும். ஆகவே ஆய்வுக் கடிதங்கள் அனைத்தையும் ஒரே கோப்புறையில் வைத்திருத்தல் நன்று.

தமிழுக்கென ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழ்க் கடிதங்களின் உடற்பகுதி பெரும்பாலும் குறியாக்கம் செய்யப்பட்டு, வெறும் உரோமன் எழுத்துக் குவியலாகக் கோப்பில் கிடக்கும். ‘பிக்’ அக்குறியாக்கத்தை அவிழ்த்துத் தேடுவதில்லை. ‘பௌதி’ என்று தேடினால், அச்சொல் பத்துக் கடிதங்களில் இருந்தாலும் ஒன்றும் இல்லை என்றே விடை வரும். அதே தொகுப்பிலுள்ள ‘எம்.எச். ஃபிக்ஸ் மெசேஜ்’ என்னும் துணைநிரலைக் கொண்டு உரையை முதலில் அவிழ்த்து வைத்துக்கொண்ட பின்னரே சொல்தேடலை நம்பலாம்.

கருவியைக் கற்பது ஒரு நாள் வேலை. பெயரிடுவதுதான் கடினம். பெயர் ஓர் எழுத்தில் தொடங்க வேண்டும். பின்னர் எழுத்தும் எண்ணும் மட்டுமே வரலாம். நான் உரோமன் எழுத்தில் எழுதுகிறேன். ஆனால் எதை எழுதுவது? வங்கச் சொல் விரவிய கடிதங்களுக்குக் ‘கலப்பு’ என்று பெயரிட்டால், கலவாத தமிழ் ஒன்று இருப்பதாக முன்கூட்டியே முடிவு செய்தவளாவேன். ‘பிழை’ என்பது இன்னும் கொடிது. தம் வீட்டு வழக்கை நம்பி எழுதி அனுப்பியவருக்கு அது நன்றியாகாது. ஆகவே என் தொகைப் பெயர்கள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்பவை: ‘உறவு’, ‘வங்கச்சொல்’, ‘வேற்றுமையுருபு’. விளக்கம் ஆய்வேட்டில் வரட்டும். பெயரிலேயே தீர்ப்பு வேண்டா.

என் தொகைகளுள் முதன்மையானது மொழியியல் சார்ந்ததே அன்று. அதன் பெயர் ‘சம்மதம்’. கடிதத்தை ஆய்வில் பயன்படுத்தலாம் என்று எழுதியவர் எழுத்து மூலம் இசைந்த பின்னரே அதன் எண் அத்தொகையில் சேரும். என்.எம்.எச். எதிர்மறைக்கும் வழி தருகிறது. நாம் விரும்பும் ஒரு முன்னொட்டை அமைப்புக் கோப்பில் அறிவித்துவிட்டால், அதனைப் பெயருக்கு முன் சேர்த்தவுடன் அத்தொகையில் இல்லாதவை அனைத்தும் கிடைக்கும். நான் ‘இலா’ என்பதை வைத்திருக்கிறேன். (அதனால் ‘இலக்கணம்’ என்று ஒரு தொகைக்குப் பெயரிட முடியாது. உரோமன் எழுத்தில் முதல் மூன்று எழுத்துகளும் ஒன்றாக இருப்பதால், ‘க்கணம்’ என்ற தொகையில் இல்லாதவை எவை என்று கணினி தேடப் போய்விடும். மொழியியல் மாணவிக்கு இது சற்று வேடிக்கையான இழப்பு.) ஒவ்வோர் இயலை எழுதத் தொடங்கும் முன்னும் ‘இலாசம்மதம்’ பட்டியலைப் பார்த்துவிடுகிறேன். யார் இசைந்தார் என்பதைக் காட்டிலும், யார் இன்னும் இசையவில்லை என்பதே ஆய்வாளர் எளிதில் மறப்பது.

இவ்வாண்டு, கடிதம் எழுதியவர்களுள் ஒருவர் தாம் எழுதிய யாவற்றையும் நீக்கிவிடுமாறு கேட்டுக்கொண்டார். காரணம் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவைத் தருவது எத்துணை எளிதோ அத்துணை எளிதாக அதனைத் திரும்பப் பெறவும் இயல வேண்டும் என்கிறது. ஆராய்ச்சிக்குச் சில விலக்குகளும் அதில் உண்டு. அவ்விலக்கின் நிழலில் ஒதுங்க மனம் வரவில்லை. ஓர் இயலின் ஒரு பகுதி முழுவதும் அவருடைய கடிதங்களையே சான்றாகக் கொண்டிருந்தது. அப்பகுதி இப்போது ஆய்வேட்டில் இல்லை.

நீக்குதல் எளிதாக இருக்கவில்லை. அவர் அனுப்பியவை ஒரு தொகை. அவர் சொற்களை மேற்கோளிட்டு நான் எழுதிய மறுமொழிகள் மற்றொரு தொகை. உறவினர் ஒருவர் முன்னனுப்பியவற்றுள் அவருடைய வரிகள் அடங்கியவை மூன்றாவது. மூன்றையும் பெயரிட்டுத் திரட்டிய பின்னரே எதுவும் விடுபடவில்லை என்று உறுதி கூற முடிந்தது. அதன் பின்னும் ஒரு படி உண்டு. என்.எம்.எச். இன் நீக்கல் கட்டளை இயல்பாகக் கோப்பை அழிப்பதில்லை. எண்ணுக்கு முன் ஒரு காற்புள்ளியை இட்டு, பட்டியலிலிருந்து மறைத்துவிடும். தவறி நீக்கியதை மீட்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் ஒருவர் ‘அழித்துவிடுங்கள்’ என்று கேட்டபின், காற்புள்ளிக்குப் பின்னால் அவர் கடிதம் உயிரோடிருப்பது சொல் தவறுவதாகும். அக்கோப்புகளையும் காப்புப் படிகளையும் தனியே தேடி அழித்த பின்னரே அவருக்கு மறுமொழி எழுதினேன்.

தொகைப் பெயர்களையும் பொதுவில் வைக்கலாம், தனியே வைக்கலாம். பொதுவானவை கடிதங்களோடு கிடக்கும். கோப்புறையைத் திறக்கும் எவரும் படிக்கலாம். தனிப்பட்டவை நம் சொந்தச் சூழல் கோப்பில் இருக்கும். மொழிக்கூறுகள் பற்றியவை பொதுவில் இருக்கட்டும். மனிதர்களைப் பற்றியவை தனியே இருக்கட்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் விதி.

2009 முதல் ‘நாட்மச்’ போன்ற புதிய கருவிகள் இதே பணியை ஒட்டுப்பெயர்கள் மூலம் மேலும் விரைவாகச் செய்கின்றன. பல்லாயிரம் கடிதங்கள் உடையோர்க்கு அதுவே ஏற்றது. எந்தக் கருவியாயினும், தரவு சேர்க்கத் தொடங்கும் நண்பர்கள் முதல் கடிதம் வந்த அன்றே இசைவுக்கென ஒரு தொகையைத் தொடங்கிவிடுங்கள். அமைப்புக் கோப்பின் மாதிரி வேண்டுவோர் உட்பெட்டியில் எழுதலாம்; பெயர்களை நீக்கிவிட்டு அனுப்புகிறேன்.