கண்ணாடிக் குஞ்சுகள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தவளக்குப்பத்தில் ராத்திரி ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. கடலூர் ரோட்டை ஒட்டிய வயல்களில் அப்படியொரு தவளைக் கத்தல். கட்டைவிரல் நுனி அளவே இருக்கும் வாய்குறுகிய தவளைகளின் குரல்தான் அதில் ஓங்கியிருக்கும். சில நாள் கழித்து வரப்போரம் குனிந்தால் அவற்றின் தலைப்பிரட்டைகள் நீருக்கு நடுவில் அசையாமல் நிற்கும். மற்றவைபோலக் கறுப்பில்லை, உடம்பே கண்ணாடி.

புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த அத்தை, அவற்றை ஹார்லிக்ஸ் பாட்டிலில் மொண்டுவந்து திண்ணை வெயிலில் வைத்தாள். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, "கண்ணுக்குப் பின்னால, அடிப்பக்கமா பாருடா" என்றாள். துளியூண்டு சிவப்பு சுருங்கி விரிந்தது.

"அத்தே, நெஞ்சு அடிக்குது!"

"மொதல்ல இது ஒண்ணு இல்ல, ரெண்டு" என்று ஈர விரலால் திண்ணையில் வரைந்தாள். முட்டைக்குள் இதயமாகப் போகும் செல்கள் இடமும் வலமுமாக இரண்டு திட்டுகளாய்ப் பிரிந்திருக்கும். வயிற்றுப்பக்கம் இறங்கி, நடுவில் சேர்ந்து, ஒரே குழாயாகும். பிறகு குழாய் வளைந்து இரண்டு மேலறையும் ஒரு கீழறையுமாகும். கோடு காயக் காய மறுபடி வரைந்தாள்.

"நெஞ்சா ஆவணும்னு அதுங்களுக்கு யாரு சொன்னது?"

"பக்கத்துல இருக்கிறதுங்கதான்."

அந்த விடை எவ்வளவு சரி என்பது பின்னாளில் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. 1960இல் ஆன்டோன் ஜேக்கப்சன், நியூட் என்னும் வாலுள்ள நீர்நில வாழியின் கருவிலிருந்து, குடலாக வேண்டிய அகப்படையை முழுவதும் எடுத்துப் பார்த்தார். இதயம் உருவாகவில்லை. நரம்பாக வேண்டிய திசுவோ இதயம் உருவாவதைத் தடுத்தது. 2001இல் ஆப்பிரிக்க நகத்தவளையின் கருவில் இன்னொன்றும் தெரிந்தது: வின்ட் என்ற புரதச் செய்தியை அடக்கினால்தான் அங்கே இதயச் செல்கள் பிறக்கின்றன. ஆகு என்ற சொல் மட்டும் போதாது, ஆகாதே என்ற சொல்லும் அடங்க வேண்டும். இதில் எனக்குத் தீராத வியப்பு.

ஜப்பானில் மகோதோ அசாஷிமாவின் குழு 1990களில் செய்ததை அத்தைக்குச் சொன்னேன். கருவின் மேல்முனைத் திசுவைத் தனியே விட்டால் வெறும் தோல்போலத்தான் ஆகும். அதை ஆக்டிவின் புரதத்தில் ஊறவைத்தார்கள், தட்டிலேயே துடிக்கும் இதயம் உருவானது.

"தோலா போவ வேண்டியதா துடிச்சுது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். படத்தைக் காட்டச் சொல்லி மூக்குக்கண்ணாடி தேடினாள்.